தலைகீழ் நட்சத்திரம் பிரிண்ட் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு வெளிநாட்டு ஆர்டரில், கருப்பு டிசர்ட்டில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம், ஒற்றை முனை கீழே பார்த்தபடி வந்திருக்கிறது. “செய்வினைச் சக்கரம், வேண்டாஞ்சாமி” என்கிறார் அம்மா. “முருகன் சக்கரம்தானே” என்கிறார் அப்பா. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாங்க. முதலில் அப்பா சொன்னது. பேனாவைத் தூக்காமல் ஐந்தே கோட்டில் முடிந்தால் அது உங்கள் ஆர்டர் நட்சத்திரம். முருகனுக்கு உரியது ஆறுகோணம். இரண்டு முக்கோணம் குறுக்கே விழுந்து, மூலைக்கு ஒன்றாக ச ர வ ண ப வ உட்காரும். சென்னிமலை அடிவாரக் கடைத் தகடுகளில் பார்த்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு.

இனி அம்மாவின் பயம். கிரேக்கத்தில் பித்தகோரஸ் வழியினருக்கு ஐந்து முனை நட்சத்திரம் ஆரோக்கியத்தின் குறி. இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்துவின் ஐந்து காயங்களுக்கும் அதைச் சொன்னார்கள். ஜெர்மன் அறிஞர் அக்ரிப்பா 1533இல் வெளியிட்ட மந்திர நூலில் கைகால் விரித்த மனிதனே அதற்குள் நிற்கிறான். தலைகீழானால் கெட்டது என்ற பேச்சைப் பரப்பியவர் பிரெஞ்சுக்காரர் எலிபாஸ் லெவி, அதுவும் 1850களில்தான். மேலே வரும் இரண்டு முனையும் ஆட்டுக்கொம்பாம்! 1897இல் ஸ்தனிஸ்லாஸ் த குவைத்தா என்பவரின் நூலில் ஆட்டுத்தலையையே உள்ளே வரைந்துவிட்டார்கள். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சர்ச் ஆஃப் சாத்தான்’ அதைச் சின்னமாக்கிக்கொண்டது. அப்புறம் மெட்டல் இசைக்குழுக்கள், டிசர்ட்டுகள், இப்போது உங்கள் டேபிள். அதே அமெரிக்காவில் ராணுவத்தின் உச்ச வீரப்பதக்கமும் ஒற்றை முனை கீழே தொங்கும் நட்சத்திரம்தான். அதை யாரும் சூனியம் என்பதில்லை. பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் ஒருபிடி மண்ணை வைத்தால் ஊரே அர்த்தம் தேடும். அதே மண் காட்டில் கிடந்தால் வெறும் மண்.

நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. டிசைன் நடுவில் ஆட்டுத்தலையும் சுற்றி ஐந்து ஹீப்ரு எழுத்தும் இருந்தால், அந்த வடிவத்துக்கு சர்ச் ஆஃப் சாத்தான் அமைப்பு உரிமை கோருகிறது. ஆர்டர் கொடுத்த பையரிடம் (buyer) அனுமதிக் கடிதம் வாங்காமல் ஸ்கிரீன் போடாதீர்கள்.

இன்னொன்று, இந்தப் படம் இடவலமாகத் திரும்பினால் வித்தியாசமே தெரியாது. தலைகீழானால் சேதியே மாறிவிடும். வட்டத்துக்குள் இருப்பதால் டேபிளில் நிற்கும் பையனுக்கு மேல் எது, கீழ் எது என்று பிடிபடாது. “நட்சத்திரம் கவுந்திருக்குதுங்க” என்று அவனே நிமிர்த்திவிடவும் கூடும். மொத்தச் சரக்கும் திரும்பி வரும். பிலிமிலும் ஸ்கிரீன் சட்டத்திலும் ‘கழுத்துப் பக்கம்’ என்று எழுதி, பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை டேபிளுக்கு மேலேயே மாட்டிவிடுங்கள்.