ஜன்னலை அளந்த பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். சென்ற வாரம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவளுடன் திருப்பூரிலிருந்து வந்திருந்தபோது, இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லும்போதே உங்கள் குரல் தழுதழுத்துவிட்டது. அன்று உங்களைத் தேற்றி அனுப்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, தேற்றுவதற்காக நீங்கள் அத்தனை தூரம் வரவில்லை என்று பட்டதால் இதை எழுதுகிறேன். மகளை மூன்றாவது முறையாகப் பயிற்சி மையத்தில் சேர்ப்பதற்கும், உங்கள் அண்ணன் வற்புறுத்துவதுபோல் ஊரிலிருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்று வெளிநாட்டுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்புவதற்கும் நான் உடன்படவில்லை. அவள் நகரத் திட்டமிடலும், அதன் பிறகு பொது சுகாதாரமும் படிக்கட்டும் என்பது என் யோசனை.

முதலில் பணம். பயிற்சிக்கும் விடுதிக்குமாக இதுவரை மூன்று லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது; அதில் பாதி நகைக்கடன் என்றும், வட்டி மட்டுமே கட்டிவருவதாகவும் நீங்களே சொன்னீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே தனியாக ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் தொழில் செய்ய முடியும். அண்மை ஆண்டுகளில் அதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. உங்கள் அண்ணனின் சம்பந்தி வீட்டுப் பையன் தேறிவிட்டான் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் நிலத்தை விற்கப்போவது அவர்கள் அல்லர், நீங்கள். பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கும் கட்டிங் மாஸ்டர் ஒருவரின் குடும்பத்துக்கு அந்த நிலம் ஒன்றுதான் பிடிமானம். அதில் கை வைக்கவே கூடாது.

அடுத்தது, உங்கள் மகளின் நோட்டு. நாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தயங்கித் தயங்கி அதை என் மேசையில் வைத்ததை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நீங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் வரைபடம் அதில் இருக்கிறது. எதிரெதிரே பதினான்கு அறைகள், கோடியில் மூன்று கழிப்பறைகள், வாசல்தோறும் தண்ணீர் டிரம்களுக்கு நீல வட்டம், சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி. "தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருது சார், கொசு முட்டை பொரிஞ்சு பறக்கவும் எட்டு நாள்தான் ஆகுது" என்றாள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் இடைவெளியோடு அதை அவள்தான் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். டிரம்மில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வருகிற பணியாளருக்கும் தண்ணீர் திறந்துவிடுகிற பிரிவுக்கும் நடுவே பேச ஆளில்லை என்பதையும் அவளே சொன்னாள்.

கடைசிப் பக்கத்தில் உங்கள் வீட்டு ஜன்னலின் அளவு இருந்தது. பத்துக்குப் பத்து அறை, இரண்டடிக்கு மூன்றடியில் ஒரே ஜன்னல், அதாவது ஆறு சதுர அடி. தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதிகளில் கதவைச் சேர்க்காமல் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறப்பாக இருக்க வேண்டும் என்கிறது. குறைந்த கணக்கை வைத்தாலும் உங்கள் அறைக்குப் பத்து சதுர அடி வேண்டும்.

நான்கு சதுர அடிக் குறைவில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். மும்பை கோவண்டிப் பகுதியில், குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக நட்வர் பாரேக் காம்பவுண்டு, லல்லுபாய் காம்பவுண்டு போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். கட்டடங்களுக்கு இடையே சில இடங்களில் மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். வெயிலும் காற்றும் எட்டாத அத்தகைய வீடுகளில் காசநோய் கூடுதலாக இருந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துகள்கள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்காக மிதக்கும் என்பது மருத்துவருக்குத் தெரியும்; இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்பதை முடிவு செய்வது கட்டடத் திட்டத்தை வகுப்பவர். வரைபடம் மேசையில் இருக்கும்போதே இந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால், பிறகு வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகும் வேலை எவ்வளவோ குறைந்திருக்கும். அப்படி உட்காரவைக்க, இரண்டு தரப்பின் பேச்சும் புரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகள் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான்.

அதற்கான படிப்பு பி.பிளான்., அதாவது இளநிலைத் திட்டமிடல். நான்கு ஆண்டுகள். நிலப் பயன்பாடு, வீட்டுவசதி, குடிநீர், கழிவுநீர், போக்குவரத்து, மக்கள்தொகைக் கணக்கு, கணினி வரைபடம் எல்லாம் அதற்குள் வரும். டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களிலும் இருக்கும் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளில் இதைப் படிக்கலாம். நுழைவுத் தேர்வு, பொறியியல் சேர்க்கைக்காகப் பலரும் எழுதும் ஜே.இ.இ. மெயின் என்ற தேசியத் தேர்வில் அதிகம் பேர் எட்டிப்பார்க்காத 2பி தாள். இயற்பியலும் வேதியியலும் கிடையாது; கணிதத்தில் 25, பொதுத்திறனில் 50, திட்டமிடலில் 25 என நூறு கேள்விகள். தமிழிலும் எழுதலாம். பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். உங்கள் மகள் உயிரியலோடு கணிதமும் எடுத்தவள் என்பதால் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ முடித்த ஆண்டையும் சேர்த்து மூன்று ஆண்டுகள்தான் இந்தத் தேர்வை எழுத விடுவார்கள். வருகிற ஆண்டோடு அவளுக்கு அது முடிகிறது. மூன்றாவது நீட்டுக்காக இதை விட்டால் பிறகு கேட்டாலும் கிடைக்காது.

பிறகு பொது சுகாதாரத்தில் இரண்டாண்டு முதுநிலை, எம்.பி.எச். இதற்கு எல்லா இடங்களிலும் மருத்துவப் பட்டம் கேட்பதில்லை. மும்பை தேவனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் பிற துறைப் பட்டதாரிகளையும் எடுக்கிறது. நான் மேலே சொன்ன கோவண்டி அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான்கும் இரண்டும் ஆறு. உள்ளிருப்புப் பயிற்சியோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. செவிலியர், பார்மசி, பொறியியல் பற்றியெல்லாம் உங்கள் உறவினர்களே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மருத்துவரின் வருமானம் இதில் வராது. பி.பிளான். மட்டும் முடித்தவருக்குத் தொடக்கத்தில் ஆலோசனை நிறுவனங்களிலும் தன்னார்வ அமைப்புகளிலும்தான் வேலை அதிகம். அரசின் திட்டமிடல் பணிகளில் முதுநிலைப் பட்டம் கேட்கும் பதவிகள் உண்டு. தெருவில் "என்ன படிக்கிறாள்?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லவும் முடியாது, உங்களுக்கு அதுதான் பெரிய சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சங்கடத்துக்காக ஒன்றரை ஏக்கரை விற்க வேண்டியதில்லை. கல்விக் கட்டணம் கட்ட வங்கியில் கல்விக் கடன் வாங்கலாம். உதவித்தொகைக்கு வேண்டிய சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அவளுடையதாக இருக்கட்டும். தனியாகக் கேட்டபோது, "டாக்டர் ஆகணும்னு அம்மாவுக்கு ஆசை சார்" என்றாள். தன் ஆசை என்று ஒருமுறையும் சொல்லவில்லை. உங்கள் அண்ணனை அடுத்த முறை நீங்களே என்னிடம் அழைத்து வாருங்கள். நிலத்தைப் பற்றி அவரிடம் நானே பேசுகிறேன். பயிற்சி மையத்துக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். இரண்டு ஆண்டாகத் தொடாத கணிதப் புத்தகத்தை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டு பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது அதையும் கொண்டுவரட்டும், எதிர் வரிசை அறைகளின் ஜன்னல்கள் இன்னும் அளக்கப்படவில்லை.