ஒலிக்காத பி, தொலைந்துபோகும் எச்: நீளமான மருத்துவச் சொற்களை உடைத்துப் படிக்க

கேள்வி: என் மகள் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, பி.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டில் சேர்ந்திருக்கிறாள். நிமோனியா, சைக்காலஜி, டயரியா போன்ற ஆங்கிலச் சொற்களை எழுதும்போது, வாயில் வராத பி, எச் எழுத்துகளை விட்டுவிடுகிறாள். இருபது எழுத்து நீளச் சொல் என்றால் பொருளும் பிடிபடுவதில்லை. மனப்பாடம் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் மகள் விட்டுவிடும் எழுத்துகள் வெறும் தொல்லை இல்லை. எந்த வேரிலிருந்து சொல் வந்தது என்பதற்கு அவைதான் அடையாளம். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க வேர்களால் ஆனவை. கிரேக்கர்கள் சொல்லின் தொடக்கத்திலேயே 'ப்ந', 'ப்ஸ', 'ப்ட' என்று ஒலித்தார்கள். ஆங்கில நாக்குக்கு அது வரவில்லை. அதனால் ஒலியை விட்டார்கள், எழுத்தை வைத்துக்கொண்டார்கள். நிமோனியாவின் தொடக்கத்தில் ஊமையாக இருக்கும் பி, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் 'ஆப்னியா'வில் நன்றாகவே ஒலிக்கிறது. இரண்டும் மூச்சுக் குடும்பத்துச் சொற்கள். ஹெலிகாப்டரும் இப்படித்தான். அதை 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிக்கக் கூடாது. சுருள் என்னும் 'ஹெலிகோ', இறக்கை என்னும் 'ப்டெர்' என்று பிரிக்க வேண்டும்.

எனவே எழுதிப் பழகும்போது மட்டும் மனத்துக்குள் 'ப்நியூமோனியா', 'ப்சைக்காலஜி' என்று சொல்லிக்கொள்ளட்டும். வார்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். 'ரிசீட்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் பி மட்டும் வேறு கதை. அது லத்தீன் மூலத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் செருகப்பட்டது.

அடுத்து, அதிகம் தவறும் எச். கிரேக்க வேர் 'ர'வில் தொடங்கினால் ஆங்கிலத்தில் ஆர்-எச் என்று எழுதுவார்கள்: ரிதம், ரைனோசரஸ், ரூமாட்டிசம். அதற்கு முன்னால் ஓர் உயிரொலி வந்து சேர்ந்தால் ஆர் இரட்டிக்கும், எச் அப்படியே நிற்கும்: டயரியா, ஹெமரேஜ், அரித்மியா. டயரியாவின் ஒன்பது எழுத்துகளை மும்மூன்றாக வெட்டினால் மறக்காது: டி-ஐ-ஏ, ஆர்-ஆர்-எச், ஓ-இ-ஏ. முதல் மூன்று 'ஊடாக' என்ற பொருள் தரும், மீதி 'ஓட்டம்'. நம் வயிற்றோட்டத்திலும் அதே ஓட்டம்தான். காது, மூக்கு, தொண்டை மருத்துவமான ஓட்டோரைனோலாரிங்காலஜி போன்ற சில சொற்களில் இந்த விதி செல்லாது. முழுப் பகுதிகளாகப் பிற்காலத்தில் கோத்த சொல் அது. அதன் 19 எழுத்தில் ஒரே ஓர் ஆர்-எச், இரட்டிப்பு இல்லை.

கண் மருத்துவத்தைக் குறிக்கும் ஆஃப்தல்மாலஜியில் படித்தவர்களும் தடுக்கி விழுவார்கள். பி-எச், டி-எச் இரண்டும் அடுத்தடுத்து வரும். 'ஆப்தல்' என்று உச்சரித்தால் முதல் எச் காணாமல் போகும். 'ஆஃப்தல்' என்று சொன்னால் தானாக வரும். டிஃப்தீரியாவுக்கும் இதே மருந்து. அதன் கிரேக்க வேருக்குத் தோல் என்று பொருள். தொண்டையில் படரும் தோல் போன்ற படலத்தால் வந்த பெயர். நாம் தொண்டை அடைப்பான் என்கிறோம்.

இனி நீளச் சொற்கள். வாலிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் என்ன வகைச் சொல் என்பதைக் கடைசிப் பகுதிதான் சொல்லும். 22 எழுத்து எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபியை எடுத்துக்கொள்வோம். 'கிராஃபி' என்றால் பதிவு செய்தல். அடுத்து, ஓ எழுத்து எங்கே என்று தேடி அதன் பின்னால் கோடு போட வேண்டும்; வேர்களை ஒட்டும் பசை அது. 'என்' உள்ளே, 'செஃபல்' தலை; சேர்ந்தால் மூளை. 'எலக்ட்ரோ' மின்சாரம். ஆக, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தல், நாம் இ.இ.ஜி. என்று சொல்லிவிட்டுப் போகும் அதே பரிசோதனை. உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் இந்த ஓ விழுந்துவிடும். இரைப்பைக்குள் பார்க்கும் 'கேஸ்ட்ரோஸ்கோபி'யில் இருக்கிறது, இரைப்பை அழற்சியான 'கேஸ்ட்ரைடிஸ்' ஆனதும் இல்லை. இரண்டு வேர்கள் சேருமிடத்தில் விழாது: கேஸ்ட்ரோஎன்டரைடிஸ்.

இதே கத்தியால் 45 எழுத்துச் சொல்லையும் வெட்டலாம்: நியூமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்கோபிக், சிலிக்கோ, வல்கேனோ, கோனியோசிஸ். எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து வரும் நோய். 1935இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல் இது. மருத்துவர்கள் சிலிக்கோசிஸ் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மகளும் அப்படியே எழுதட்டும்.

நீளத்தைவிட ஆபத்தானவை ஓரிரு எழுத்தில் மாறும் இரட்டையர்கள். 'ஹைப்பர்' மிகை, 'ஹைப்போ' குறை. ஹைப்போகிளைசீமியா என்று எழுத வேண்டிய இடத்தில் ஹைப்பர் என்று எழுதினால், சர்க்கரை இறங்கிக் கிடக்கும் நோயாளிக்கு இன்சுலின் போகக்கூடும். ஹைப்போ, லோ இரண்டும் ஒரே ஓசையில் முடிவதை நினைவில் வைத்தால் போதும். அறுவைச் சொற்களிலும் இப்படி உண்டு. 'எக்டமி' வெட்டி அகற்றுவது, 'ஆட்டமி' கீறித் திறப்பது, 'ஆஸ்டமி' வாய்போல் ஒரு திறப்பு வைப்பது. 'ஸ்டோமா' என்றாலே கிரேக்கத்தில் வாய். கோலெக்டமியில் பெருங்குடலையோ அதன் பகுதியையோ எடுத்துவிடுவார்கள். கோலாஸ்டமியில் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு திறப்பு வைப்பார்கள்.

எல்லா வேரும் இப்படி நேராக நடக்காது. ஆர்த்தோபீடிக்ஸில் வரும் 'பீட்', லத்தீன் பாதம் இல்லை, கிரேக்கக் குழந்தை. 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி, குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்தும் கலைக்கு வைத்த பெயர் அது. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் அங்கே பி-க்குப் பின் ஏ-இ வரும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஏ-யை விட்டுவிடுவார்கள். டயரியாவில் ஓ-வையும் அவர்கள் எழுதுவதில்லை. பாடப்புத்தகம் பிரிட்டிஷ் முறையில் இருந்தால், மகளின் போனிலும் கணினியிலும் மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சரியாக எழுதியதையே தப்பு என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்.