40,000 ரூபாயில் வீட்டிலேயே பாட்டும் வீணையும் பதிவு செய்ய எதற்கு முதலில் செலவழிக்கலாம்?

லேப்டாப் இருக்கிறது, 10-க்கு 10 அடி அறை இருக்கிறது, பாதிப் பணத்துக்கு மேல் மைக்கில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

கடைக்குப் போவதற்கு முன் அந்த அறையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை என்றால் ‘டிர்ர்’ என்று ஓர் எதிரொலி கேட்கும். எந்த மைக்கும் அதை நீக்காது. நல்ல கண்டன்சர் மைக் (மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும், மின்சாரம் தேவைப்படும் வகை) அதை இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும். பிறகு வீணையில் மந்தர ஸ்தாயியை, அதாவது கீழ்ச் சுரங்களை, மீட்டுங்கள். பக்கத்தில் ஸ்டீல் பீரோ இருந்தால் அதுவும் கூடவே முனகும். அதை அடுத்த அறைக்குத் தள்ளக் காசு தேவையில்லை.

அறைக்கு 5,000 ஒதுக்குங்கள். தடித்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டு, தரைக்கு ஜமுக்காளம். மெத்தையைப் பலர் மைக்குக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். கார்டியாய்டு மைக்குக்கு, அதாவது முன்பக்க ஒலியை முதன்மையாகப் பிடிக்கும் வகைக்கு, முதுகுப் பக்கம் காது மந்தம். எதிரில் இருப்பதைத்தான் அது நன்றாகக் கேட்கும். அதாவது உங்களையும், உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே ஒரு மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும், மற்றொன்று பக்கவாட்டில். முட்டை அட்டைகளை ஒட்டச் சொல்பவர்களைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ், இரண்டுக்கும் சேர்த்து 25,000-க்குள் நில்லுங்கள். வீணை மெல்லிய ஒலி உள்ள வாத்தியம். மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை மைக் வைத்தால் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) நிறைய ஏற்ற வேண்டியிருக்கும், இரைச்சலும் சேர்ந்து ஏறும். எனவே கண்டன்சர்தான் சரி. அது இயங்க 48 வோல்ட் மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸ் வேண்டும். ரோட் என்டி1-ஏ மைக்கின் சுய இரைச்சல் (மைக் தானே உண்டாக்கும் சத்தம்) 5 டெசிபல், ஆடியோ டெக்னிகா ஏடி2020-க்கு 20 டெசிபல். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் தெருவைப் பார்த்த வீட்டில், மின்விசிறியை நிறுத்திய பின்பும் அறையின் சத்தம் அந்த 20-க்கு மேலேயே இருக்கும். விலை குறைந்ததே போதும். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதைக் காட்டும் எண் 192 கிலோஹெர்ட்ஸ் என்று இன்டர்ஃபேஸ் பெட்டியில் அச்சிட்டிருப்பதற்காகவும் கூடுதல் பணம் தர வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

மைக்கை வீணையின் குதிரைக்கு நேராக வைத்தால் மீட்டும் விரலின் உரசல்தான் முன்னால் வரும். குடமும் தண்டியும் சேரும் இடத்தைப் பார்த்தபடி ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து இரண்டு அங்குலம் நகர்த்தினாலே நாதம் மாறுவது தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கலாம்.

ஹெட்ஃபோனுக்கு 5,000. காதை முழுதாக மூடும் வகையாக இருக்க வேண்டும். தம்பூரா சுருதி அதில்தான் உங்களுக்குக் கேட்கப்போகிறது. அது வெளியே கசிந்தால் பாட்டோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். இந்த அளவு அறையில் கீழ் ஒலிகள் ஒரு மூலையில் வீங்கியும் நடுவில் காணாமலும் போகும். அதை நம்பிச் சமன் செய்தால் வேறிடத்தில் கேட்கும்போது குட்டு வெளிப்படும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். பதிவின்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், பல வீடுகளில் ரீங்காரம் அதன் வழியாகத்தான் வருகிறது.

மீதி 5,000-இல் கனமான அடிப்பாகம் உள்ள ஸ்டாண்டும் கேபிளும் வாங்குங்கள். அதிலும் மிச்சம் வந்தால் வீணைக்குப் புதுத் தந்தி போட்டு, மேளத்தை, அதாவது மெழுகில் பதித்த மெட்டுகளின் அமைப்பை, ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் மெழுகு இளகி 24 மெட்டுகளில் ஒன்று இறங்கியிருந்தாலும் அந்த ஸ்வரம் பதிவில் பாடும் குரலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்.