டாக்டரம்மா பதில்கள்: பேத்தை மீனும் பல் ஊசியும்

போன இதழில் சர்க்கரை நோயாளிகளின் கால் மரப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் கடற்கரையிலிருந்துதான். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: ‘மரத்துப் போச்சு’. நான் பாம்பனில் பிறந்தவள். 31 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவள். ஆளை மரக்க வைப்பதும் பத்திரமாகத் திரும்ப எழுப்புவதும்தான் என் தொழில். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

“சங்காயத்தில் (வலையில் சேர்ந்து வரும் கழிவு மீனில்) கிடந்த பேத்தையை (பந்து போல ஊதிக்கொள்ளும் மீன்) தோலுரித்து, குடலெடுத்து, நன்றாக வேகவைத்துத் தின்றால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் படகில் ஒருவர் சொல்கிறார். தின்றும் காட்டினார். உதடு மட்டும் கொஞ்சம் மரத்ததாம். பயப்பட வேண்டுமா டாக்டரம்மா?”
வாசகர், பாம்பன்

பயப்பட வேண்டும், தம்பி. உதடு மரத்ததே விஷம் உள்ளே போனதற்குச் சாட்சி. அன்றைக்கு அந்த மீனில் அளவு குறைவாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே வலையில் வந்த இரண்டு பேத்தையில்கூட விஷம் ஒரே அளவாக இருக்காது. ஈரலிலும் சினையிலும் அதிகம், தோலிலும் உண்டு, சில இனங்களில் சதையிலும் உண்டு. வேகவைத்தாலும் பொரித்தாலும் உப்புப் போட்டுக் காயவைத்தாலும் அது போகாது.

1774-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக், பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் இந்த வகை மீனின் ஈரலையும் சினையையும் ருசிதான் பார்த்தார். விடியற்காலையில் கை கால் மரத்து எழுந்தவருக்கு, தண்ணீர் நிறைந்த பாத்திரமும் ஓர் இறகும் கையில் ஒரே கனமாகத் தெரிந்தன. மிச்சக் குடலைத் தின்ற பன்றி செத்துக் கிடந்தது. 1909-ல் ஜப்பானியரான தஹாரா இந்த விஷத்துக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயர் வைத்தார்.

அது நரம்பில் என்ன செய்கிறது என்பதை, வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்வது சுலபம். நரம்பிழைக்கு வெளியே உப்புநீர். அதில் சோடியம் அதிகம், உள்ளே குறைவு. இழை நெடுகச் சின்னச் சின்ன மடைகள். ஒரு மடை திறந்தால் சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலில் அடுத்த மடை திறக்கும், அதற்கடுத்தது திறக்கும். காலில் முள் குத்திய சேதி மேலே ஏறுவதும், ‘காலை எடு’ என்ற கட்டளை கீழே இறங்குவதும் இப்படித்தான். பேத்தை விஷம் வெளிப்பக்கமிருந்து வந்து மடைவாயில் கல்லைச் செருகினாற்போல உட்கார்ந்துகொள்ளும். சேதி அங்கேயே நின்றுவிடும். முதலில் உதடு, நாக்கு, அப்புறம் விரல் நுனி, கை கால், கடைசியில் மூச்சை இழுக்கிற தசைகள். இதயத்து மடைகள் வேறு ரகம், இந்த விஷத்துக்கு அவ்வளவு சீக்கிரம் அடைபடாது. மூளைக்குள்ளும் அது எளிதில் நுழையாது. ஆகவே ஆள் கட்டை போலக் கிடப்பான். ஆனால் இதயம் துடிக்கும், காது கேட்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிடக் கண்ணால் பார்த்ததுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பொழுது சாயும் நேரம், 19 வயதுப் பையனை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். பேத்தை ஈரல் வறுவல் தின்றிருக்கிறான். “நாக்கு தடிச்சாப்ல இருக்கு டாக்டர்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒரு மணி நேரத்தில் கையைத் தூக்க முடியவில்லை, அடுத்த அரை மணியில் பேச்சு நின்றது. தொண்டையில் குழாய் போட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சுவாசக் கருவி பல மாதமாகப் பழுது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் ஒரு நர்ஸும் அவனுடைய அம்மாவும் மாறி மாறி ஆம்பு பையை, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையை, அமுக்கினோம். ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணி ஓர் அமுக்கு. இரவு முழுக்க அப்படித்தான். அந்த அம்மாவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, விட மறுத்தார்.

நடுராத்திரியில் உறவுக்காரர் ஒருவர் கட்டிலருகே வந்து, “இனி ஒண்ணுமில்ல, வண்டிக்குச் சொல்லிடலாம்” என்றார். அவரை வெளியே அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் வலது கால் பெருவிரல் அசைந்தது. மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் அவன் சொன்ன முதல் வாக்கியம்: “சித்தப்பா வண்டிக்குச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு.” அன்றிலிருந்து அசையாத நோயாளி யாராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். தூங்க வைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பேன்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. சிறுநீரில் தானாக வெளியேறும்வரை, பெரும்பாலும் ஒரு நாள், மூச்சை நாம் கொடுக்க வேண்டும். உதடு மரத்தால் மோர் குடித்துப் பார்க்காதீர்கள், சுவாசக் கருவி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இன்னொன்று, சங்காயம் பிரிக்கும்போது பேத்தையைக் கரையில் எறியாதீர்கள். பிள்ளைகள் பந்து போல உருட்டி விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன். குழி தோண்டிப் புதையுங்கள்.

“திருக்கை முள் குத்தினால் வெந்நீரில் காலை வைக்கிறோம். பேத்தைக்கு வெந்நீர் பலிக்காது என்றால் இது மட்டும் எப்படி?”
வாசகி, தங்கச்சிமடம் (பாசி எடுக்கப் போகிறவர்)

திருக்கையின் விஷம் புரதம், அம்மா. முட்டை வெந்தால் உறைவதுபோலச் சூட்டில் கெட்டுவிடும். பேத்தை விஷம் சின்ன மூலக்கூறு, கொதித்தாலும் அசையாது. கல்மீனை மிதித்தாலும் இதே வெந்நீர்தான். பொறுக்கிற சூடு, சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. குத்துப்பட்ட கால் சூட்டைச் சரியாக உணராது, அதனால் முதலில் மற்றவர் கையை விட்டுப் பார்க்கட்டும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்கவே கூடாது.

“பல் பிடுங்க இரண்டு ஊசி போட்டும் எனக்கு மரக்கவில்லை. மருந்து பழசு என்று என் மகன் சண்டைக்குப் போய்விட்டான். உண்மையா?”
வாசகி, கீழக்கரை

தாடை வீங்கிச் சீழ் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். பல் டாக்டர் போடும் லிக்னோகெயினும் அதே சோடியம் மடையைத்தான் அடைக்கிறது. ஆனால் அது உட்பக்கமிருந்து அடைக்கும். அதற்கு முதலில் நரம்பின் கொழுப்புத் தோலைக் கடந்து உள்ளே போக வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் அதிகம். அமிலத்தில் இந்த மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்றுவிடும், அப்படிப்பட்டது கொழுப்பைக் கடக்காது. மருந்து நல்ல மருந்துதான், வாசலில் நிற்கிறது. சீழை வடித்து, வீக்கம் வற்றிய பிறகு பிடுங்குவார்கள். அல்லது சீழுக்கு எட்டாத தூரத்தில், தாடையின் பின்பக்கம் நரம்பு புகும் இடத்தில் ஊசி போடுவார்கள். மகனை அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை நன்றாகப் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

மரத்த பிறகும் இழுப்பதும் அமுக்குவதும் தெரியும். வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, முதலில் அடங்கும். அழுத்தத்தைச் சொல்லும் இழைகள் தடித்தவை, லேசில் அடங்காது. பலர் இதையே வலி என்று நினைத்துப் பதறிவிடுகிறார்கள்.

“வலை பிரிக்கும்போது அப்பாவின் விரலில் கடல்பாம்பு கடித்தது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. விஷம் ஏறவில்லை என்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சரியா?”
வாசகர், மோர்ப்பண்ணை

சரியில்லை, தம்பி. கடல்பாம்பு கடித்தால் வலிக்காது, வீங்காது. பல கடிகளில் விஷமே இறங்காது என்பதும் உண்மைதான். ஆனால் எட்டு மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். உடம்பெல்லாம் தசை வலி, கழுத்து இறுக்கம், இமை தொங்கல், காப்பி நிறத்தில் சிறுநீர், இதில் எது வந்தாலும் அவசரம். சிறுநீர் கறுப்பது தசை சிதைவதால். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நரம்பு தசையைத் தொடும் இடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு அங்கே அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கொடுக்கும், தசை கை நீட்டி வாங்கும். கடல்பாம்பின் விஷமும் நல்லபாம்பின் விஷமும் வாங்குகிற கையைப் பொத்திவிடும். தசையைத் தளர்த்தத் தியேட்டரில் நான் தினமும் போட்ட வெக்குரோனியமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் நியோஸ்டிக்மின் கொடுத்து விடுவிப்போம். நல்லபாம்புக் கடியிலும் அந்த ஊசி உதவுவது இதனால்தான். கட்டுவிரியன் வேறு. அது கொடுக்கிற கையையே, நரம்பின் நுனியையே, சிதைத்துவிடும். நுனி மறுபடி முளைக்க வாரக்கணக்காகும், அதுவரை சுவாசக் கருவிதான்.

நம் ஊரில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. கடல்பாம்புக்கு அதில் மருந்து இல்லை. ஆகவே கடித்தது எது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். துடுப்புப் போலத் தட்டையான வால் இருந்தால் கடல்பாம்பு.

“மிளகாய்க் கொல்லைக்கு மருந்தடித்த என் வீட்டுக்காரர் வாயில் நுரையும் உடம்பில் துடிப்புமாக விழுந்தார். குடித்தாரா, குடித்தாரா என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னையே கேட்டார்கள். ஊசியில் தெளிந்தார். மூன்றாம் நாள் திடீரென்று மூச்சு முட்டி மறுபடி கருவியில் வைத்தார்கள். சரியாகப் பார்க்கவில்லையோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.”
வாசகி, சாயல்குடி

அம்மா, அவர் குடித்திருக்க வேண்டியதில்லை. முதுகில் மாட்டிய தெளிப்பான் ஒழுகி, மதியம் வரை சட்டை நனைந்தே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் வழியாகவே ஏறும். உங்களை அப்படிக் கேட்டவர்கள் அவருடைய முதுகைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன அசிட்டைல்கோலின் வேலை முடிந்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கும். எச்சில், கண்ணீர், சளி, பேதி எல்லாம் பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகும். அட்ரோபின் ஊசி சுரப்பிகளையும் நுரையீரலையும் இதயத்தையும் காப்பாற்றும். தசையில் அதற்கு வேலை இல்லை. அதனால் நுரை நின்று ஆள் பேசின பிறகும், ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்வது உண்டு. நல்ல ஆஸ்பத்திரியிலும் இது வரும். கருவியில் வைத்தது சரியான வைத்தியம். பெரும்பாலோர் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தாமாக மூச்சு விடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி உண்டு. மல்லாந்து படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்ல வேண்டும். தியேட்டரில் குழாயை எடுக்குமுன் நாங்கள் கேட்பதும் இதைத்தான். உங்கள் தெருவில் இனி யாராவது மருந்தடித்து விழுந்து பிழைத்தால், நாலு நாள் காலையும் மாலையும் தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். விழுந்த உடனே செய்ய வேண்டியது, கையில் உறை மாட்டிக்கொண்டு துணியைக் கழற்றி, தலைமுடி உட்படச் சோப்புப் போட்டுக் கழுவுவது. 108 வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை இன்னும் கொடியில் தொங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். துவைத்தாலும் அதை யாரும் போட வேண்டாம். உறை மாட்டிய கையால் எடுத்து, பையில் போட்டுக் கட்டி, கிணற்றுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் இன்றைக்கே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.