முதல் சிறுகதைத் தொகுப்பை நாமே வெளியிடுவது: கேள்வி பதில்

மூன்று தொகுப்புகளை நானே வெளியிட்டவள் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கையில் 22 கதைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். 10, 12 போதும். என் முதல் தொகுப்பில் 18 கதைகள் போட்டேன், எதையும் விட மனசு வரவில்லை. படித்தவர்கள் நாலு கதைகளைப் பற்றித்தான் பேசினார்கள். பாதியிலேயே மூடி வைத்ததாகச் சிலர் சொன்னபோது ரொம்ப வலித்தது.

எல்லாக் கதைகளையும் ஒரே வாரத்துக்குள் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தனித்தனியாக இதழ்களில் வந்தபோது தெரியாதது அப்போது தெரியும். ஒரே அப்பா மூன்று கதைகளில் வேறு வேறு பெயரில் வருவார். ஐந்து கதைகள் யாரோ ஜன்னல் வழியே வெறிப்பதோடு முடியும். அப்படி இரட்டைப் பிள்ளைகளாக இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசை. சாவுக் கதைகள் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். உங்களுக்கு மிக நம்பிக்கையான கதை முதலில் வரட்டும், அதற்கு அடுத்தது கடைசியில்.

இதழில் வந்த கதைக்கு அனுமதி வாங்கணுமா?

பொதுவாக உரிமை எழுதியவருக்குத்தான். ஆனால் அனுப்பும்போது ஒப்புக்கொண்ட விதிகளை மறுபடி எடுத்துப் பாருங்கள், முக்கியமாகப் போட்டிகளுடையதை. பரிசுக் கதையின் உரிமை நடத்துபவருக்கே என்று சில விதிகளில் இருக்கும். சந்தேகமிருந்தால் எழுதிக் கேட்டுவிடுங்கள். நூலில் இதழின் பெயரும் வெளிவந்த மாதமும் நன்றியோடு இருக்கட்டும்.

மெய்ப்பு (அச்சுப்பிழை திருத்துவது) நானே பார்த்தால் போதாதா?

போதாது தம்பி. நூறு முறை படித்த வரியில் விடுபட்ட ஒற்று நம் கண்ணுக்குப் படாது. முதலில் எடிட்டிங், பிறகு பக்க வடிவமைப்பு, அதற்குப் பிறகுதான் தாளில் எடுத்து மெய்ப்பு. பேச்சு வழக்குக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒரு பக்கம் 'போயிட்டேன்', மறுபக்கம் 'போய்ட்டேன்' என்றால் உறுத்தும்.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கதைகளை, இப்போது எல்லாக் கணினிகளும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடலாம். வரிவரியாகப் பாருங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவரிடம், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' அமைப்பைப் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தமிழ் உடைந்து நிற்கும்.

ஆஃப்செட்டா, பிஓடியா?

முதல் நூலுக்கு பிஓடி, அதாவது தேவைப்படும்போது தேவையான பிரதிகளை மட்டும் அச்சிடுவது, என்பேன். ஆஃப்செட் என்பது அச்சுத் தகடு (பிளேட்) செய்து மொத்தமாக அடிப்பது. அதில் பிளேட் செலவு மொத்தமாக விழும், பிரதி கூடக்கூட ஒன்றின் அடக்கவிலை குறையும். அந்தக் கணக்கை நம்பி 1000 அடித்துவிட்டுக் கட்டிலடியில் அடுக்கியவர்கள் பலர். பிஓடியில் ஒரு பிரதிக்குச் செலவு அதிகம்தான். ஆனால் தேங்காது, பிழை கண்டால் அடுத்த பிரதியிலேயே திருத்தலாம். எதில் போனாலும் முதலில் ஒரே ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பாருங்கள்.

ஆஃப்செட்தான் என்றால் பாரக் கணக்கையும் பாருங்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்தான் ஒரு பாரம். பாரத்துக்கு 16 பக்கம் என்றால் 8 பாரம் 128 பக்கம். 130 வந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போகாமல், அவற்றைச் சுருக்கிவிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் அவசியமா?

கடைக்கும் நூலகத்துக்கும் போகணுமென்றால் வாங்கிவிடுங்கள். நூலை அடையாளம் காட்டும் 13 இலக்க எண் அது. அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று.

அட்டையை இப்போதே செய்துவிடலாமா சார்... மன்னிக்கவும், மேடம்?

முன்னட்டைப் படத்தை யோசித்து வையுங்கள், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். முழு அட்டை கடைசியில்தான். பக்க எண்ணிக்கையும் தாளின் கனமும் முடிவாகாமல் முதுகின் அகலம் தெரியாது.

பணம் கட்டினால் எல்லாம் செய்து தருகிறோம் என்று சில பதிப்பகத்தார் சொல்கிறார்களே?

நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவற்றைக் கேளுங்கள்: உரிமை யாருக்கு? எடிட்டிங் உண்டா, வெறும் மெய்ப்பா? எனக்கு எத்தனை பிரதி? உள்பக்கம், அட்டை இரண்டின் மூலக் கோப்புகளும் என் கைக்கு வருமா? விலகணுமென்றால் எப்படி? பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.