கால் எட்டினால் முதுகு வலிக்கிறது: எனக்கு எந்த கார் சரி?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44, உயரம் 147 செ.மீ. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் தினமும் கார் ஓட்டிப் போகிறேன். வீட்டுக்காரரின் பழைய செடான் கார். அவர் நல்ல உயரம். பினாங்குப் பாலத்தில் ஜாம் ஆகிவிட்டால் எனக்கு இடுப்பு வலி, வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கடுப்பு, தொடைக்கு அடியில் மரத்துப்போகிறது. உட்கார ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரண்டு தலையணை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இப்போது எனக்கென்று ஒரு கார் வாங்கப் போகிறோம். "சின்ன ஆளுக்குச் சின்ன காடி போதும்" என்கிறார் இவர். "எஸ்யூவி வாங்கு, உயரமாக இருக்கும்" என்கிறாள் தங்கை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இருவர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், சகோதரி. கார் சின்னதா பெரியதா என்பது உங்கள் இடுப்புக்குத் தெரியாது. சீட்டின் மெத்தை எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், ஸ்டீரிங் எவ்வளவு தூரம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இடுப்பு வலிக்கும் தொடை மரப்புக்கும் மூலகாரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும்: மெத்தை உங்கள் தொடையைவிட நீளம். சாய்மானத்தில் முதுகை முழுக்க ஒட்டி உட்கார்ந்தால், மெத்தையின் முன்விளிம்பு முழங்காலின் பின்மடிப்பில் வந்து இடிக்கும். தொடைக்கு அடியில் ஓடும் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் அது அழுத்துவதால் மரத்துப்போகிறது. அது பொறுக்காமல், நமக்கே தெரியாமல், முன்னால் நழுவி உட்காருவோம். உடனே இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் காலியிடம் விழும். கீழ்முதுகு வளைந்துபோய், உடம்பின் பாரத்தைத் தசைகளே சுமக்க வேண்டி வரும். பின்னால் போனால் மரப்பு, முன்னால் வந்தால் வலி. இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் தினமும் பாலத்தைக் கடக்கிறீர்கள்.

கால் கடுப்புக்குக் காரணம் வேறு. குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் பாதத்தைத் திருப்பினாலே போதும். தலையணை போட்டு உயர்ந்ததும் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அப்புறம் காலையே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறீர்கள். பாதத்தை மேலே இழுக்கும் தசை, முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக இருக்கிறது. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று போகும்போது அதற்கு ஓய்வே கிடையாது. அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வலித்தால் ஏறக்குறைய உறுதிதான்.

எல்லாப் பழியையும் காரின் மேல் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். ஓட்டும்போது மட்டும், ஒரு பக்கம் மட்டும் மரத்து, இறங்கி நடந்ததும் சரியாகிவிட்டால் சீட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டு பாதமும் இரவில் எரிந்தாலோ மரத்தாலோ இரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இங்குள்ள இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். இடுப்பிலிருந்து பாதம்வரை சுரீரென்று வலி இறங்கினாலோ, நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் உரசினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதுவும் காத்திருக்கும் விஷயமல்ல.

இனி தலையணைகள். முதுகுத் தலையணை மெத்தையின் நீளத்தைக் குறைப்பதால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தடிமனாக இருந்தால் உங்கள் நெஞ்சை ஸ்டீரிங்கை நோக்கித் தள்ளிவிடும். உட்காரும் தலையணை மெத்துமெத்தென்று இருந்தால் அதைவிட மோசம். விபத்தில் அது நசுங்கி வழுக்க, உடம்பு பெல்ட்டுக்கு அடியில் சறுக்கும். இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளைக் கிழிக்கும். உயரம் தேவையென்றால் நசுங்காத, வழுக்காத, மெல்லிய ஒன்று போதும். வீட்டு சோபாவிலிருந்து எடுத்து வந்தது வேண்டாம்.

குட்டையானவர்களுக்கு வலியைவிடப் பெரிய கவலை ஏர்பேக். ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விரிந்துவிடும். விரியும் வேகம் அதிகமாக இருக்கும் முதல் சில அங்குலத்துக்குள் நெஞ்சோ முகமோ இருந்தால், காப்பாற்ற வந்ததே காயப்படுத்தும். ஸ்டீரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 25 செ.மீ. வேண்டும். பள்ளிப் பிள்ளையின் 30 செ.மீ. ரூலரைக் கேட்டு வாங்கி, நாளைக் காலையில் வழக்கமாக உட்காருவது போலவே உட்கார்ந்து அளந்து பாருங்கள். மோதல் சோதனைகளில் வைக்கும் சராசரி ஆண் பொம்மையின் உயரம் 175 செ.மீ. சிறிய உருவப் பெண்ணுக்கென்று செய்த பொம்மையே ஏறக்குறைய 150 செ.மீ. உங்களுக்கு அதுவும் உயரம்தான்.

அதனால் கார் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஸ்டீரிங்கைப் பற்றி. மேலும் கீழும் மட்டும் நகருமா, முன்னும் பின்னும் நகருமா? உள்ளூரில் விற்கும் விலை குறைந்த சிறிய கார்கள் பலவற்றில் மேலும் கீழும் மட்டும்தான். உங்களுக்குத் தேவை, டாஷ்போர்டை நோக்கி உள்ளே தள்ளி வைக்கக்கூடிய ஸ்டீரிங். சீட்டை முன்னால் இழுத்தாலும் நெஞ்சுக்கு இடம் மிஞ்சும். இரண்டாவது, ஓட்டுநர் சீட்டை உயர்த்தும் வசதி. ஒரே மாடலில் விலை குறைந்த வகையில் இது இல்லாமல், அடுத்த வகையில் இருக்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி கூடுதல் என்றாலும், ஸ்போர்ட் ரிம்முக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

எஸ்யூவி? ஏறி உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரிவது உண்மை. ஆனால் சில எஸ்யூவிகளில் மெத்தை இன்னும் நீளம், பானெட் இன்னும் உயரம். காருக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சிறு பிள்ளை கண்ணுக்குப் படாது. சின்ன காரில் மெத்தை குட்டையாக இருந்தால் உங்கள் தொடைக்கு அதுவே பொருந்தும். எது என்று உட்கார்ந்து பார்க்காமல் சொல்ல முடியாது. கியர் மட்டும் ஆட்டோவாக இருக்கட்டும். கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டுமென்றால் நீங்கள் இன்னும் முன்னால் போக வேண்டியிருக்கும்.

ஷோரூமுக்கு வேலைக்குப் போடும் அதே ஷூவோடு போங்கள். கதவைத் திறந்ததும் சேல்ஸ்மேன் டச் ஸ்கிரீனைக் காட்டத் தொடங்குவார்; காட்டட்டும். நீங்கள் முதலில் பின்பக்கத்தைச் சாய்மானத்தில் ஒட்டி உட்காருங்கள். பிரேக்கை அடிவரை மிதித்து, அப்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும் அளவுக்கு சீட்டை முன்னால் இழுங்கள். பிறகு சீட்டை உயர்த்துங்கள். ஸ்டீரிங்கின் மேல்விளிம்புக்கு மேலே உங்கள் கண் நான்கு விரற்கடையாவது இருக்க வேண்டும். உயர்த்தும்போது குதிகால் தரையை விடுகிறதா என்று மறுபடி பாருங்கள். முழங்காலின் பின்மடிப்புக்கும் மெத்தைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் அந்தக் காரை மறந்துவிடலாம், விலை எவ்வளவு குறைந்தாலும். ஸ்டீரிங்கை எல்லாவற்றுக்கும் கடைசியில் சரிசெய்யுங்கள், அதன் நடுப்பகுதி முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி. ரூலரை அங்கேயும் எடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

பெல்ட்டையும் போட்டுப் பாருங்கள். தோளுக்கு முன்பக்கமுள்ள காறை எலும்பின் நடுவில் ஓட வேண்டும். கழுத்தை அறுத்தால், கதவுத் தூணில் அது தொங்கும் இடத்தைக் கீழே இறக்க முடியுமா என்று கேளுங்கள். கழுத்தில் உரசுகிறதென்று பெல்ட்டைக் கக்கத்துக்கு அடியில் விட்டு ஓட்டும் பெண்கள் என் கிளினிக்குக்கு நிறைய வருகிறார்கள். விபத்தில் விலா எலும்பை உடைக்க அது போதும்.

பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிகளை நீட்டிக்கும் உபகரணம் ஆன்லைனில் விற்கிறது. நழுவினால் உயிர் போகும் பொருள் அது. ஜேபிஜேயை (சாலைப் போக்குவரத்துத் துறையை) கேட்காமல் மாட்டாதீர்கள்.

புது கார் வரும்வரை பழைய காரில் முதுகுத் தலையணையை எடுத்துவிட்டு, இரண்டு விரல் தடிமனுக்கு மடித்த துண்டை இடுப்பு வளைவில் வையுங்கள். பாலத்தில் காரை நிறுத்திக் காலை நீட்ட முடியாது. ஆகவே ஏறுவதற்கு முன், பாலத்துக்கு இந்தக் கரையில் உள்ள பிறை ஊர்ப் பக்கமே எண்ணெய் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். கார் மாற்றி ஆறு வாரம் ஆகியும் வலி குறையவில்லையென்றால் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போய், பார்க்கிங்குக்கு வந்து நீங்கள் உட்காரும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.