டானியல் பூர் மதம் மாற்றத்தான் பள்ளி நடத்தினாரா?

டானியல் பூர் அமெரிக்க மிஷனரி, மதம் பரப்பத்தான் யாழ்ப்பாணம் வந்தார். அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் அதோடு கதை முடிந்தது என்று நீங்கள் கேட்கும் விதம் எனக்கு வலிக்கிறது. முகநூலில் யாரோ எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சைவன். மிஷனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வருபவர்கள் இதைக் கவனிக்கவும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய மாணவர் மலருக்கு இவரைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். இரவிரவாக இருந்து எழுதினேன். அமெரிக்காவில் மசாசூசெட்ஸில் பிறந்தவர், 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் குடியேறினார். ஐந்து வருடத்தில் மனைவி சூசன் இறந்துபோனார். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி என்ற மிஷன் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார். வேதாகமத்தோடு தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். இடையில் சில வருடம் மதுரையிலும் பள்ளிகள் நடத்தினார். அங்குள்ள அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். அதே வருடம் செமினறியையும் மூடினார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் அமெரிக்க மிஷன் தலைமை சொன்ன குறை. மதம் மாற்றும் கருவியாக மட்டும் அது இருந்திருந்தால் அவர்களே ஏன் மூட வேண்டும்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். கலித்தொகையை அச்சில் ஏற்றிய தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார்.

என் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். மலர் கைக்கு வந்தபோது செமினறியை மூடிய கதை முழுவதையும் வெட்டியிருந்தார்கள். பிறந்த வருடம், இறந்த வருடம், படம். கேட்டால் இடமில்லையாம். வாழ்த்துச் செய்திகளுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. காசு கொடுத்தவர்களின் குடும்பப் படம்கூட முழுப்பக்கத்தில் வந்தது. ஊர்ச் சரித்திரம் எழுதுகிறவனிடம் வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? இதற்குப் பிறகு எந்த மலருக்கும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.